ஹோம்ஸ் நிஜ மனிதரா? உங்கள் மகளின் பேச்சுக்கு

பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக மகள் கேட்கிறாள், துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் நிஜமாக இருந்தவரா என்று எழுதியிருந்தீர்கள். கற்பனைதாங்க. ஆனால் முன்மாதிரி உண்டு: எடின்பரோ மருத்துவர் ஜோசப் பெல். ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் அவருடைய மாணவர்.

டாயிலே நினைவுகூர்ந்த காட்சி இது. புறநோயாளி ஒருவர் வந்து நின்றதுமே, "பட்டாளத்திலிருந்து சமீபத்தில் விலகியவர், பார்படோஸில் இருந்தவர்" என்றார் பெல். எப்படி? மரியாதை தெரிந்த மனிதர், ஆனாலும் தொப்பியைக் கழற்றவில்லை; அது பட்டாளப் பழக்கம், விலகி நாளாகியிருந்தால் விட்டுப்போயிருக்கும். வந்திருந்ததோ யானைக்கால்; அது பிரிட்டனில் வராத நோய், பார்படோஸ் இருக்கும் மேற்கிந்தியத் தீவுகளில் அன்று பிடித்த நோய். பேச்சை இங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள், அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

முதல் ஹோம்ஸ் கதை 1887இல் வந்தது. உரிமையோடு சேர்த்து டாயிலுக்குக் கிடைத்தது 25 பவுண்டுதான். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. 1892இல் வந்த சிறுகதைத் தொகுப்பைப் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.