கேத்தரின் கோர்ஜும் அம்மாவோட முட்டியும்

அண்ணா வணக்கம். நான் சிட்னில இருக்கேன். ஜூலை ஸ்கூல் லீவுக்கு ஊர்ல இருந்து அம்மா வர்றாங்க, அவங்களையும் பசங்களையும் கூட்டிட்டு ஆஸ்திரேலியாவோட வடக்கு கோடில இருக்கற டார்வின் போறோம். அந்த பக்கம் ஆறு பாறைய அறுத்துட்டு ஓடற பள்ளத்தாக்கு, அந்த கேத்தரின் கோர்ஜ் பத்தி நீங்க எழுதினத படிச்சு அதையும் பிளான்ல சேர்த்துட்டேன். டார்வின்ல இருந்து காலைல கிளம்பி ராத்திரிக்குள்ள திரும்பிடலாமா? அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி வேற, போட்ல போகலாமா? முதலை இருக்குன்னு கேட்டதுல இருந்து வீட்ல வேணாம்னு ஒரே பிடிவாதம்.
கே., சிட்னி

அன்புள்ள கே.,

முதல்ல அந்த ஒரே நாள் பிளானை தூக்கி போடுங்க. கேத்தரின் டவுனுக்கே 300 கிலோமீட்டருக்கு மேல, அங்கிருந்து கோர்ஜுக்கு இன்னொரு 30. ஸ்டூவர்ட் ஹைவேல சில இடத்துல 130 வரைக்கும் போக விடுவாங்க, பகல்ல ஒண்ணும் தெரியாது, பொழுது சாய்ஞ்சாதான் வினை. நானும் உங்கள மாதிரியே கணக்கு போட்டு போய் திரும்பும்போது பைன் கிரீக் ஊர் கிட்ட ஒரு வாலபி, அதான் குட்டி சைஸ் கங்காரு, ரோட்டு நடுவுல வந்து நின்னுச்சு, நான் அடிச்ச பிரேக்ல பின் சீட் தண்ணி கேன் பறந்து வந்து என் முழங்கைல விழுந்துச்சு, அது பாட்டுக்கு லைட்டையே பாத்துட்டு நிக்குது. மிச்ச தூரம் பூரா உருட்டிட்டுதான் வந்தேன். இன்னொண்ணு, வாடகை கார்க்கு டவுனுக்கு வெளிய இருட்டினப்புறம் இன்சூரன்ஸ் இருக்கான்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. கேத்தரின்ல ஒரு ராத்திரி தங்கிட்டு காலைல முதல் போட்ட பிடிங்க.

அம்மா விஷயம். போட் பிரச்சனையே இல்ல, பிரச்சனை போட்ட விட்டு இறங்கற இடத்துல. ஆறு ஒண்ணுதான், ஆனா மணற்பாறைல இருக்கற வெடிப்பு போற வழியெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு அறுத்துட்டு போகுது. மழை நின்னு தண்ணி இறங்கினதும் நடுநடுவுல பாறை தலை தூக்கிடும், அதனால 13 துண்டா தெரியுது. போட் முதல் துண்டோட முடிஞ்சிரும், இறங்கி நடந்து போய் அடுத்த துண்டுல வேற போட் ஏறணும். கொஞ்ச தூரம்தான், ஆனா மேடு பள்ளமான கல்லு. அம்மாவுக்கு முடியாதுன்னா அவசரப்படுத்தாதீங்க, புக் பண்ணும்போதே கேட்டுருங்க. நடக்க முடிஞ்சா விடவே விடாதீங்க, எனக்கு அந்த நடைதான் போட்ட விட பிடிச்சுது. பாறைல அந்த மண்ணோட பூர்வகுடிங்களான ஜாவொய்ன் மக்களோட பழைய ஓவியம் இருக்கு. கீழயும் பாருங்க, ஆத்து மணல்ல தண்ணி வரி வரியா கோலம் போட்டுட்டு போகுமில்ல, அதே வரி கல்லாவே நிக்குது, வயசு சுமார் 160 கோடி வருஷம். நான் குனிஞ்சு விரலால தடவி பாத்துட்டே இருந்ததுல எங்க குரூப் என்னை விட்டுட்டு போயிருச்சு.

1862ல அந்த பக்கம் போன ஸ்டூவர்ட்ங்கற வெள்ளைக்கார பயணி, தன் பயணத்துக்கு காசு குடுத்தவரோட பொண்ணு பேர ஆத்துக்கு வச்சுட்டு போயிட்டார், அதான் கேத்தரின். ஜாவொய்ன் காரங்க சொல்ற பேரு நிட்மிலுக், சில்வண்டு இருக்கற இடம்னு அர்த்தம். 1989ல நிலம் அவங்க கைக்கே திரும்பி வந்து, இப்ப கோர்ஜ் இருக்கற நேஷனல் பார்க் அவங்களோடது, அரசாங்கம் குத்தகைக்கு வாங்கி சேர்ந்து நடத்துது. பசங்ககிட்ட நிட்மிலுக்னே சொல்லி பழக்குங்க.

முதலையா? இருக்கு. வருஷம் பூரா இருக்கறது நன்னீர் முதலை, மூக்கு ஒல்லியா நீளமா இருக்கும், மீன் தின்னும், நாம போய் சீண்டாத வரைக்கும் அது வேலைய அது பாக்கும். ஆள தூக்கற உப்புநீர் முதலை மழை காலத்துல வெள்ளத்தோட மேல ஏறி வரும், அதனால மழை முடிஞ்சதும் ரேஞ்சருங்க கூண்டு வச்சு, ராத்திரி டார்ச் அடிச்சு தேடி பாத்துட்டுதான் கேனோவுக்கே, அதான் நாமளே துடுப்பு போடற சின்ன படகுக்கே, ஆத்த திறப்பாங்க. நீங்க போற ஜூலை நல்ல சீசன். போர்டுல இறங்காதேன்னு போட்டிருந்தா இறங்காதீங்க, அவ்ளோதான். வீட்ல இத அப்படியே படிச்சு காட்டுங்க, அப்பவும் வேணாம்னா கேனோவ விட்டுட்டு போட்ல மட்டும் போங்க, குடும்ப சண்டைக்கு நான் பொறுப்பில்ல.

அப்புறம் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்குங்க. பாலைவனம் மாதிரி காயும்னு நெனச்சு போன நான் முதல் போட்ல டவல போத்திட்டு உக்காந்திருந்தேன்.