விரலின் குற்றமில்லை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 13 வயது. கிட்டார் கற்கத் தொடங்கி 5 மாதம் ஆகிறது. ஜி, சி கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து வாசிக்கும் பிடிகள்) எல்லாம் வந்துவிட்டது. எஃப் கார்ட் என்றால் மட்டும் அழுகை. வாங்கிய கடையில் காட்டினேன். “வாசிக்க வாசிக்கப் பழகிவிடும்” என்கிறார்கள். கம்பி எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. விரல் நுனி காய்த்துப்போனால் வலி குறையும். ஆனால் ஜி வருகிறது, எஃப் வரவில்லை என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். எஃப்-இல் ஆட்காட்டி விரலைப் படுக்கவைத்து முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது நட், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டு. மலிவான கிட்டார்களில் நட்டின் பள்ளங்கள் பெரும்பாலும் ஆழம் போதாமலே வரும். அதிகமாக அறுத்துவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரையும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டும். குறைவாக அறுத்தால் கஷ்டம் வாங்கியவர் விரலுக்குத்தானே!

இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில் கம்பியை அழுத்திப் பிடியுங்கள். இப்போது முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு தாள் நுழைந்தால் சரி. சீட்டுக்கட்டுச் சீட்டு தாராளமாக நுழைந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. என் முதல் கிட்டாரில் இரண்டு சீட்டு நுழைந்தது. அது தெரியாமல் இரண்டு வருடம் என் விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மில்லிமீட்டர் கேட்டீர்கள். அகௌஸ்டிக் (மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும்) கிட்டாரில் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி சுமார் 2.5, மெல்லிய கம்பி 2-க்குக் கொஞ்சம் குறைவு. அதைவிட உயரமாக இருந்தால் சேடிலை, அதாவது உடல்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டை, கழற்றி அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்ப்பார்கள். 12-ஆவது ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க சேடிலில் 2 போக வேண்டும். யாராவது கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகியே உயரத்தைக் குறைக்கிறேன் என்றால் கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய இருப்பது.

ஆனாலும் இந்த எண்களைப் பெரிதாக நம்பாதீர்கள். ‘பிளாக் சபாத்’ ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமிக்கு 17 வயதில் பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர், ஃப்ரெட்டை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய கிட்டார் கம்பி கிடைக்காததால் பாஞ்சோ கம்பியை மாட்டினார். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் நேரெதிர். அவருடைய பேஸில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான உலோக நாடா சுற்றிய) கம்பிகள், மற்றவர்கள் வாசிக்கத் திணறும் உயரத்தில். அறுந்தால்தான் மாற்றுவார். அதைத்தான் ஒற்றை ஆட்காட்டி விரலால் மீட்டினார்.

உங்கள் மகளுக்கு முதலில் ‘10 செட்’ என்ற மெல்லிய கம்பிகளை வாங்கிப் போடுங்கள், முதல் கம்பி 0.010 அங்குலம் இருக்கும். செலவு குறைவு, வித்தியாசம் உடனே தெரியும். நட்டை வீட்டில் அறுக்க வேண்டாம், அதற்கென்று அரம் இருக்கிறது. பழுது பார்ப்பவரிடம் கிட்டாரை மட்டும் கொடுத்துவிட்டு வராமல் அவளையும் கூட்டிப்போங்கள். அங்கேயே எஃப் பிடிக்கட்டும். அவள் மெதுவாக மீட்டுகிறவளா, ஓங்கி அடிக்கிறவளா என்று அவர் பார்த்தாக வேண்டும். ஓங்கி அடித்தால் கம்பி கொஞ்சம் உயரமாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் இரையும்.

சீட்டு நுழைந்ததா என்று எழுதுங்கள்.