சுயதொழில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் இந்தத் தவணை முதல் திருமறை படிப்பிக்கிறேன். பாடசாலைச் சஞ்சிகையில் போடுவதற்கு 'பின்னணி, ஈடுபாடுகள்' கேட்டு ஒரு படிவம் தந்தார்கள். அப்பாவின் தொழிலுக்கு 'சுயதொழில்' என்றும், ஈடுபாட்டுக்கு 'வாசிப்பு, செபம்' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். உண்மையில் அப்பா கரைவலை இழுப்பவர். சமய ஆசிரியருக்கு இந்தப் பின்னணி போதுமா? இறையியல் டிப்ளோமா செய்தால்தான் மதிப்பார்களா? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

பெயர் வேண்டாம்

அன்புள்ள மகள்,

போன கிழமை பழைய றங்குப் பெட்டியைக் கிளறியபோது ஒரு வலை ஊசி அகப்பட்டது. மூங்கில் ஊசி. விரல் பட்டுப் பட்டு நடுப்பகுதி புளியங்கொட்டை போல வழுவழுத்துவிட்டது. அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் உமது கடிதம் வருகிறது. சுயதொழிலாம்! வெட்கமாக இல்லையா உமக்கு?

ஊசி என் திருமறை சேருடையது. நான் சைவப் பிள்ளை. சமய பாடத்துக்கு மணி அடித்தால் அவரவர் தங்கள் வகுப்புக்குப் பிரிந்து போக வேண்டும். அந்த வருடம் சைவநெறிக்கு ஆசிரியர் இல்லை. பின் வாங்கில் இருந்துகொள் என்றார் சேர். அவரும் கரைவலைக்காரர் மகன். கிழிந்த வலைத் துண்டைக் கொண்டுவந்து, பொத்திக்கொண்டே படிப்பிப்பார். செபதேயுவின் மகன்களை இயேசு கூப்பிட்டபோது அவர்களும் வலைதான் பொத்திக்கொண்டிருந்தார்கள், மத்தேயு 4:21.

இதைக் கேளும். பேதுருவும் அந்திரேயாவும் கடலில் போட்டது வீச்சுவலை. மத்தேயு 13:47இல் விண்ணரசுக்கு உவமையாக வருவது வேறு வலை. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல். தமிழில் இரண்டுமே 'வலை' ஆகிவிட்டன. இரண்டாவது என்ன தெரியுமா? கரைவலைதான்! எல்லா வகையும் வாரிக்கொண்டு வரும். நிறைந்ததும் கரைக்கு இழுப்பார்கள். உட்கார்ந்து நல்லதைக் கூடையில் சேர்ப்பார்கள். அந்த 'உட்கார்ந்து' என்ற சொல்லில் சேர் ஒரு பாடவேளை முழுக்க நின்றார். இழுத்து முடித்தவனுக்கு முதுகு நிமிராது, நின்றுகொண்டு எவன் மீன் பிரிப்பான் என்பார். வலையின் மடியை அவிழ்த்தால் சூடையும் பாரையும் சொறியும் ஒன்றாகக் கிடக்கும், பேத்தை வயிற்றை ஊதிக்கொண்டு முழிக்கும் என்று அவர் கன்னத்தை ஊதிக் காட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒருநாள் முன் வாங்குப் பெடியன் ஒருவன் என்னைக் காட்டி, "சேர், இவன் நரகத்துக்கோ போவான்?" என்று கேட்டான். சேர் ஊசியை நிறுத்தவில்லை. "இழுக்கேக்க ஒருத்தரும் மீன் பிரிக்கிறேல்லை. அது கரையில. இப்ப நீ கயித்தைப் பிடி."

அவரிடம் டிப்ளோமா இருந்ததா என்று நான் கேட்டதில்லை. நீர் செய்யும், நல்லதுதான். ஈடுபாட்டில் செபம் என்று எழுதியிருக்கிறீர். திருமறை ரீச்சர் வேறு என்ன எழுதுவார், அதை விடும். ஆனால் கச்சான் காற்று வீசும் காலத்தில் விடியற்காலையில் அப்பாவோடு கரைக்குப் போய் நின்றிருப்பீரே, அதை எந்தக் கட்டத்தில் எழுதினீர்?

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. 'சுயதொழில்' என்பதை வெட்டிவிட்டு அப்பாவிடம் போம். வலை ஊசி ஒன்று கேளும். பழசாகத் தரச் சொல்லும், புது ஊசி கையில் நிற்காது.