கெப்பசிற்றபின் குளிசையும் சோறு குழைக்க முடியாத கையும்

கேள்வி: விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். கணவருக்கு 58 வயது. பெருங்குடலில் புற்றுநோய் என்று ஒப்பரேசன் செய்து, இப்போது கெப்பசிற்றபின் குளிசை போடுகிறார். இது மூன்றாம் சுற்று. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, வெடித்து, தோல் உரிகிறது. நாலு நாளாகக் கரண்டியால்தான் சாப்பிடுகிறார். "கிளினிக்கில சொன்னா குளிசையை நிப்பாட்டிப் போடுவாங்கள், பேசாமல் இரு" என்கிறார். வயல் வெட்டும் வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா, உப்புப் போட்ட சுடுதண்ணீரில் காலை வைக்கவும், மருதோண்டி அரைத்துப் பூசவும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அதற்கு முன் ஒன்று: இன்றிரவுக் குளிசையைக் கொடுக்காதீர்கள். காலையில் கிளினிக்குக்குப் போன் எடுத்து, கை கால் இருக்கிற நிலையைச் சொல்லுங்கள். எப்போது மறுபடி தொடங்குவது, எத்தனை குளிசை என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

கூச்சம், சிவப்பு, இலேசான வீக்கம் மட்டும் என்றால் கிறீம் பூசிக்கொண்டு குளிசையைத் தொடரலாம். நோவு வந்து அன்றாட வேலையைத் தடுத்தால் நிறுத்திவைக்க வேண்டும். இதை அளக்க நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: சோறு குழைத்துச் சாப்பிட முடிகிறதா? கறி பட்டால் கை எரிகிறது என்று ஒரு மனிதன் கரண்டியை எடுத்துவிட்டார் என்றால், அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். உங்கள் கணவர் தாண்டி நாலு நாளாகிறது.

அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. விசுவமடுவில் இருந்து பரந்தனுக்கு வந்து, ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒவ்வொரு சுற்றும் பாடுபட்டுப் பெற்றதுதான். அதை இழந்துவிடுவோமோ என்று நினைப்பார். ஆனால் இந்த மருந்தில் சில நாள் நிறுத்துவதும், தோல் ஆறியதும் அளவைக் குறைத்துத் தொடங்குவதும் சிகிச்சை முறைக்குள்ளேயே எழுதப்பட்டவை. கை வெடிப்பது, இந்த அளவு இவருடைய உடம்புக்குக் கூடுதல் என்று காட்டுகிறது. மறைத்துக்கொண்டு போட்டால் கொப்புளமாகி, புண்ணாகி, கடைசியில் நீண்ட காலத்துக்கு நிறுத்த வேண்டி வரும். அவர் பயப்படுவது அப்போதுதான் நடக்கும்.

இந்த மருந்து உடம்புக்குள் போய் ஃபுளோரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தாக மாறி, வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகிறது. உள்ளங்கை, உள்ளங்கால் தோலும் அப்படிப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. அதிலே அழுத்தமும் உராய்வும் சூடும் சேர்ந்தால் தாக்கம் கூடும். மண்வெட்டிப் பிடி, வெறுங்காலில் வரம்பு நடை, மத்தியான வெயிலில் கொதிக்கிற மண்: கமக்காரனின் ஒரு நாளில் இவை எல்லாம் இருக்கின்றன.

அதனால்தான் சுடுதண்ணீர் கூடாது. குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் வைத்து, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். ஈரம் காயுமுன் வாசனை இல்லாத கிறீமைத் தடவுங்கள். அழுத்தி உருவ வேண்டாம். இரவில் வசலின் பூசிப் பருத்திக் காலுறை போடலாம். தோல் தடித்த இடத்துக்கு 10 சதவீத யூரியா கிறீம் நல்லது, ஆனால் வெடித்த இடத்தில் பட்டால் எரியும். உரியும் தோலை இழுக்காதீர்கள். மருதோண்டியில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் அதன் நிறம். சிவப்பை மறைத்துவிட்டால் டொக்டர் எதைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பார்?

டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி வைத்தியர்கள் கெப்பசிற்றபின் எடுக்கும் 264 பேரிடம், நோவுக்குப் பூசும் டைக்குளோபெனக் 1 சதவீத ஜெல்லைச் சோதித்து, முடிவை 2024இல் வெளியிட்டார்கள். நாளுக்கு இரு தடவை பூசியவர்களில் 3.8 சதவீதமானவர்களுக்கே நோவு தரும் நிலை வந்தது. மற்றவர்களில் 15 சதவீதம். இது வருமுன் காக்கப் பூசியது, வெடித்த தோலுக்கு அல்ல. ஆறிய பின், அடுத்த சுற்றுக்கு முன் இதைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். விற்றமின் பி6 குளிசையைச் சிலர் வாங்கிக் கொடுப்பார்கள். ஆய்வுகளில் அது பலன் தரவில்லை. ஆபத்தானது போலிக் அசிட். உடம்பு தேற என்று பாமசியில் வாங்கும் விற்றமின் குளிசைகளிலும் அது இருக்கும், இந்த மருந்தின் நச்சுத்தன்மையை அது கூட்டும். அப்படி ஏதும் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

வயலுக்கு? இந்தத் தடவை இறங்கவே கூடாது. வெடித்த காலோடு சேற்றில் நிற்பது எலிக்காய்ச்சலுக்கு வாசல் திறந்துவிடுவது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களை எடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இவருக்கோ கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவும் குறைந்திருக்கலாம். வெட்டு மெசின் வரும்போது நிழலில் கதிரை போட்டு இருந்து கணக்குப் பார்க்கட்டும், மெத்தென்ற செருப்போடு. மூட்டை தூக்குவதை மகனோ மருமகனோ பார்க்கட்டும்.

காய்ச்சல் 100.4 பாகைக்கு ஏறினால், அல்லது ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக வயிற்றால் போனால், வாயும் அவிந்து சாப்பிட முடியாமல் இருந்தால், கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அப்போதே கொண்டுபோங்கள், இரவு என்றாலும். என்ன மருந்து எடுக்கிறார் என்று போனதும் சொல்லுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது: இந்தக் குளிசையால் கைரேகை அழிந்துபோகலாம். 2008இல் இதை எடுத்துக்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, ரேகை பதியவில்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் மறித்து வைத்திருந்தார்கள். கந்தோர்களில் ரேகை வைக்க வேண்டி வந்தால் கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும்.

இன்று பகல் வெளிச்சத்தில் இரண்டு கையையும் இரண்டு காலையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆறிய பிறகு சிவப்பு எப்படி இருந்தது என்று வாயால் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம். நிறுத்திய நாளையும் மிஞ்சிய குளிசைகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். விட்ட குளிசைகளைப் பிறகு சேர்த்துப் போடக் கூடாது. மிஞ்சியவற்றை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.