கால் எழாத காலை

சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களுக்குச் சிறுநீரக மருத்துவரின் பதில்கள்

என் மகளுக்கு 34 வயது. கண்ணும் வாயும் காய்ந்துபோகும் ஷோகிரன் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறாள். போன மாதம் ஒரு காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, கால் இரண்டும் கட்டை மாதிரி கிடந்தன. பக்கவாதம் என்று பயந்து ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "பொட்டாசியம் 2.1, கிட்னிக் கோளாறு" என்கிறார்கள். கிரியேட்டினின் சரியாகத்தானே இருக்கிறது, டாக்டர்?

அதனால்தான் இந்த நோய் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது, அம்மா. கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை கிட்னியின் வடிகட்டும் வேலையைப் பற்றி மட்டுமே சொல்லும். உங்கள் மகளுக்கு அடி விழுந்தது வடிகட்டிக்கு அடுத்துள்ள நுண்குழாயில். எச்சில் சுரப்பியைத் தாக்கும் அதே காவல் அணுக்கள் அங்கேயும் போய் மொய்க்கும். இரத்தத்து அமிலத்தைச் சிறுநீரில் தள்ளவேண்டிய குழாய் அது. அது பழுதானால் அமிலம் உள்ளே தங்கும், பொட்டாசியம் வெளியே ஓடும். 3.5க்குக் கீழே இறங்க இறங்கத் தசை தளரும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். இரத்தத்தில் அமிலம் ஏறிக் கிடக்கும்போதும் சிறுநீரின் பிஹெச் (அமில அளவுகோல்; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே வராது. எங்களுக்குத் துப்பு அதுதான்.

ட்ரிப் ஏற்றி நடக்க வைத்ததோடு வேலை முடியவில்லை. பொட்டாசியம் சிட்ரேட்டைத் தொடர்ந்து குடிக்கவேண்டும். விட்டால் கிட்னியில் கல் வரும், எலும்பும் பலமிழக்கும். இளநீர் இதற்கு ஈடாகாது. கிரியேட்டினின் ஏறிப்போன பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு இளநீர் வெட்டவும் வேண்டாம்: அவர் உடம்பில் பொட்டாசியம் தேங்கினால் இதயமே நின்றுவிடலாம்.

எனக்கு லூப்பஸ், உடம்பின் காவல் அணுக்களே உடம்பைத் தாக்கும் நோய். சிறுநீர் நுரைக்கிறது. கிட்னியில் ஊசி போட்டுச் சதை எடுக்கவேண்டுமாம். அவசியமா?

நுரையை மட்டும் வைத்துச் சொல்லமாட்டேன். புரதம் உண்மையிலேயே ஒழுகுகிறது என்று பரிசோதனையில் தெரிந்தால், அவசியம். லூப்பஸ் கிட்னி நோயில் 6 வகை உண்டு. ஒன்றுக்குக் கடும் மருந்து, இன்னொன்றுக்கு அது வீண். வெளியிலிருந்து பார்த்து வகை பிரிக்க முடியாது. மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். பிறகு சில மணி நேரம் மல்லாந்து படுத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

லூப்பஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

பொதுவாகக் காக்கும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அது கண்ணைப் பாதிக்கலாம், அதனால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டிய கை, அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாமு என்ற நாட்டு மருந்து மாத்திரையில் இரண்டே நாளில் வலி போய்விட்டது. தொடரலாமா?

இரண்டே நாளில் போனதுதான் எனக்குப் பயம். ஸ்டீராய்டு கலந்த ஜாமு இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது. பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கின்றனவா பாருங்கள். பல வாரமாகச் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், மீதி மாத்திரையைப் பெட்டியோடு நாளைக்கே கிளினிக்குக் கொண்டுபோங்கள்.