மனிதருக்கு நிலையான குணம் உண்டா?

கேள்வி: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம்பி வளர்ந்தவன் நான். நிலையான குணம் என்று எதுவுமே இல்லை, சூழ்நிலைதான் மனிதரை நடத்துகிறது என்று உளவியல் நிரூபித்துவிட்டதாகக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி சொல்கிறாள். இது உண்மையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பதில்: உங்கள் பேத்தி சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. ‘நிரூபித்துவிட்டது’ என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறேன். 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். விடைகளைத் தாங்களே திருத்தச் சொன்னால் மாற்றி எழுதுகிறார்களா, கையில் கிடைத்த காசைத் திருப்பித் தருகிறார்களா, கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய விளையாட்டில் திருட்டுத்தனமாகப் பார்க்கிறார்களா என்று பல வகைகளில் பார்த்தார்கள். தேர்வில் ஏமாற்றிய பிள்ளை காசையும் எடுத்துக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்ப்போம்; ஆனால் ஒரு சோதனைக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான தொடர்பு, முழுப் பொருத்தத்தை 1 என்று கொண்டால், சராசரியாக 0.23 அளவுக்குத்தான் இருந்தது. அதே வகைச் சோதனையை மறுபடி வைத்தபோதோ அந்தப் பிள்ளை பெரும்பாலும் முன்பு நடந்துகொண்டது போலவே நடந்துகொண்டது.

இதைவிட அதிகம் பேசப்படுவது, டார்லியும் பேட்சனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு. பிரின்ஸ்டன் நகரில் கிறித்துவ இறையியல் பயின்ற 40 மாணவர்களை, அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்துமாறு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் இருமி முனகியபடி சுருண்டு கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காட்டினர்தான். அவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போனதோ, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி! அந்தத் தலைப்பு அவர்களின் நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை.

இத்தகைய முடிவுகளைத் திரட்டித்தான் கில்பர்ட் ஹார்மன், ஜான் டோரிஸ் போன்ற மெய்யியலாளர்கள், எல்லாச் சூழலிலும் ஒன்றுபோல் வெளிப்படும் நேர்மையோ கருணையோ நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை என்று வாதிட்டார்கள். (தொலைபேசிக் கூண்டில் ஒரு நாணயம் கண்டெடுத்தவர்கள் உடனே பிறருக்கு உதவினார்கள் என்ற 1972-ஆம் ஆண்டு ஆய்வையும் இந்தத் தரப்பினர் விரும்பி எடுத்துக்காட்டுவார்கள். பின்னர் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதைப் பேத்தியிடம் சொல்லுங்கள்.)

என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. குணத்தை அளக்கும் சோதனைகளுக்கும் ஒருவரின் ஒற்றைச் செயலுக்கும் உள்ள தொடர்பு 0.3-ஐத் தாண்டுவது அரிது என்று 1968-இல் உளவியலாளர் வால்டர் மிஷெல் எழுதியது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் சூழ்நிலையின் வலிமையைக் காட்டிய புகழ்பெற்ற சோதனைகள் சிலவற்றை ஃபண்டரும் ஓசரும் 1983-இல் அதே அளவுகோலில் கணக்கிட்டபோது, அவையும் 0.4-ஐ ஒட்டியே நின்றன. ஓர் எண்ணைக் காட்டிக் குணத்தைப் பொய் என்று தள்ளிவிட்டு, அதைவிடச் சற்றே பெரிய எண்ணைக் காட்டிச் சூழ்நிலையை அரியணை ஏற்றுவது நியாயமாகாது. மேலும், ஒரு மாணவரின் திறமையை ஒரே ஒரு வினாவைக் கொண்டு நீங்கள் மதிப்பிட்டிருக்க மாட்டீர்கள். நடத்தையும் அப்படித்தான்: பல நாள், பல நிகழ்வுகளின் சராசரியை எடுத்தால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடு நிலையாகத் தெரிகிறது என்பதை 1979-இல் சீமோர் எப்ஸ்டீன் காட்டினார்.

மிஷெலும் அங்கேயே நின்றுவிடவில்லை. அவரும் யூயிச்சி ஷோடா முதலியோரும் ஒரு கோடை முகாமில் 53 சிறுவர்களை, ஒவ்வொருவரையும் சராசரியாக 167 மணி நேரம், கவனித்து 1994-இல் எழுதிய ஆய்வுதான் இந்த விவாதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டுமொத்தக் கணக்கில் ஒரே அளவு முரட்டுத்தனம் உள்ள இருவரில், ஒருவன் பெரியவர்கள் கண்டித்தால் சீறுகிறான். மற்றவன் சக பிள்ளைகள் நெருங்கி வந்தால் சீறுகிறான். எப்போது சீறுவான் என்ற அந்த ஒழுங்கு அவனவனுக்கே உரியதாக, நாள்கள் கடந்தும் மாறாமல் இருந்தது. குணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மில்கிராம் சோதனையில் சாதாரண மக்களே கட்டளைக்குப் பணிந்து மின்னதிர்ச்சி கொடுத்தார்கள் என்றால், கொடுமை செய்தவரைக் குற்றவாளி என்பது எப்படி?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: விடை தவறும் ஒருவருக்கு மின்னதிர்ச்சியைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்குமாறு பங்கேற்றவர்களுக்குக் கட்டளையிட்டார் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் தொடங்கிய அந்த வரிசையின் முதல் சோதனையில், 40 பேரில் 26 பேர் உச்ச அளவான 450 வோல்ட் வரை போனார்கள். அதிர்ச்சி போலியானது; ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள், அதே ஆய்வாளர் செய்த மற்ற வடிவங்களைச் சொல்வதில்லை. உடனிருந்த இருவர் மறுத்து எழுந்தபோது இறுதி வரை போனவர்கள் 4 பேர். எவ்வளவு கொடுப்பது என்பதை அவர்களிடமே விட்டபோது உச்ச அளவுக்குப் போனவர் ஒரே ஒருவர். ஆக, கொடுமை செய்யும் ஆசை அவர்களிடம் மறைந்திருந்து வெளிவந்தது என்று சொல்ல முடியாது. அதே வேளை, முதல் சோதனையில் அதே அறையில், அதே கட்டளையைக் கேட்ட 14 பேர் இடையிலேயே மறுத்தார்கள். மறுக்க முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி. அழுத்தம் இருந்தது என்பதைத் தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது கருதலாம். குற்றமே இல்லை என்பதற்கு அது போதாது.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளர் தேவை. கோயில் திருவிழாக்களில் முன்னின்று உழைக்கும் ஒருவரை எல்லோரும் முன்மொழிகிறார்கள். அந்த நற்பெயர் போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: அவர் உழைப்பாளி என்பதற்கு அது போதும். இதற்கு முன் பிறர் பணத்தை அவர் கையாண்டிருக்கிறாரா, கணக்கை உரிய நேரத்தில் ஒப்படைத்தாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் விசாரியுங்கள். யார் வந்தாலும் காசோலையில் இருவர் கையெழுத்து, மாதந்தோறும் வரவு செலவுக் கணக்கு என்ற ஏற்பாடு இருக்கட்டும். அந்தத் தீர்மானத்தை அவர் பெயர் முடிவாகும் முன்பே நிறைவேற்றிவிடுங்கள். பிறகு கொண்டுவந்தால் அவரைச் சந்தேகிப்பதாகப் படும்.