வேர் உன்னைச் சுமக்கிறது

கேள்வி: போன மாதம் எங்கள் சபைக்கு வந்த ஊழியர், "தேவன் இஸ்ரவேலைத் தள்ளிவிட்டார், இனி சபைதான் இஸ்ரவேல்" என்று பிரசங்கித்தார். இந்த மாதம் வந்தவர், "யூதருக்கு ஒரு திட்டம், சபைக்கு ஒரு திட்டம், இரண்டையும் குழப்பாதீர்கள்" என்கிறார். யாரை நம்புவது ஐயா?

பதில்: முதல் பிரசங்கத்தை முப்பது வருஷம் நானே செய்திருக்கிறேன். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது பழைய சரக்கு. 2-ஆம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் மார்ட்டர் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், திரிப்போ என்ற யூதரோடு பேசுவதாக எழுதிய நூலில், மெய்யான ஆவிக்குரிய இஸ்ரவேல் நாங்களே என்று வாதாடுகிறார். இரண்டாவது சரக்கு அவ்வளவு பழசல்ல. 19-ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் சொன்னது. 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக ஊரெல்லாம் பரவியது.

இருவரையும் ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் 11-ஆம் அதிகாரத்தைத் திறங்கள். பவுல் இரண்டு மரம் நடவில்லை. பழைய மரத்தை வெட்டிவிட்டுப் புதுக்கன்றும் வைக்கவில்லை. ஒரே ஒலிவமரம், முறிந்தவை "சில கிளைகள்", அதாவது கிறிஸ்துவை விசுவாசியாத யூதர், அவ்வளவுதான். அந்த மரத்தில் காட்டொலிவக் கிளையை ஒட்டவைக்கிறார் தேவன்.

என் அப்பா மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவார். நாட்டு மாங்கன்றை வளர்த்து, அதன்மேல் பங்கனபள்ளிக் குச்சியைக் கட்டுவார். நல்ல மரத்தில் காட்டுக் குச்சியைக் கட்டப் போயிருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். பவுலுக்கும் இது தெரியாமல் இல்லை. "சுபாவத்துக்கு விரோதமாய்" என்று 24-ஆம் வசனத்தில் அவரே சொல்லிவிடுகிறார். புறஜாதியாராகிய, அதாவது யூதரல்லாத, நாம் உள்ளே வந்தது சாதாரணமாகத் தோட்டக்காரன் செய்யாத வேலை.

அப்புறம் 17-ஆம் வசனம். நம் பழைய மொழிபெயர்ப்பில் "அவைகள் இருந்த இடத்தில்" ஒட்டவைக்கப்பட்டு என்றிருக்கிறது. கிரேக்கத்தில் இருப்பதோ "அவற்றின் நடுவே" என்பதுதான். ரிட்டயர் ஆனபிறகே இதைக் கவனித்தேன். காலியான நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்கள் நாம் என்றல்லவா பிரசங்கித்திருக்கிறேன்! அன்று சாயங்காலம் பழைய குறிப்பு நோட்டுகளைப் புரட்டினேன். இந்த அதிகாரத்தின்மேல் மட்டும் ஏழு பிரசங்கம். ஏழிலும் நாற்காலி.

அந்த நாற்காலிப் பேச்சு கல்லிலும் ஏறியிருக்கிறது. பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்துக்கென்று 13-ஆம் நூற்றாண்டில் இரண்டு பெண் சிலைகள் செய்தார்கள். ஒருத்தி சபை: தலையில் கிரீடம், கையில் சிலுவையும் பாத்திரமும். மற்றவள் யூதரின் ஜெப ஆலயம்: கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறது, ஈட்டி ஒடிந்திருக்கிறது, கற்பலகை கையிலிருந்து நழுவுகிறது. படத்தில் பார்த்தபோது எனக்குத் தோற்றவள்தான் அழகாகத் தெரிந்தாள். 18-ஆம் வசனத்தில் பவுல், அந்தக் கிளைகளுக்கு விரோதமாகப் பெருமைபாராட்டாதே, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்கிறார். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளச் சபைக்கு வெகுகாலம் பிடித்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல், அதன் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், இதே ஒலிவமரத்தைக் காட்டித்தான் யூதரைப் பற்றிய தன் பேச்சை மாற்றிக்கொண்டது.

கேள்வி: அப்படியானால் இன்றைய இஸ்ரேல் அரசு செய்வதையெல்லாம் விசுவாசி ஆதரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். யூதருக்கு உரியவை என்று ரோமர் 9:4-இல் பவுல் ஒரு பட்டியல் போடுகிறார்: புத்திரசுவிகாரம் (பிள்ளைகளாக ஏற்கப்படுவது), மகிமை, உடன்படிக்கைகள்... அதில் அரசாங்கம் இல்லை. அவர் பேசுவது ஜனத்தைப் பற்றி. 1948-இல் உருவான அரசின் கொள்கையைப் பற்றி அல்ல. பெத்லகேமில் இருக்கிற பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் அதே மரத்தில் இருப்பவர்கள்தான்.

கேள்வி: கலாத்தியர் 6:16-இல் வரும் "தேவனுடைய இஸ்ரவேலர்" சபைதானே?

பதில்: தமிழில், பவுல் சொன்ன பிரமாணத்தின்படி நடக்கிறவர்களைக் குறித்து "அவர்களுக்கும், தேவனுடைய இஸ்ரவேலருக்கும்" என்று வருகிறது, இரண்டு 'உம்', இரண்டு கூட்டம். கிரேக்கத்தில் உள்ள 'காய்' என்ற சொல்லுக்கு 'உம்' என்றும் பொருள் உண்டு, 'அதாவது' என்றும் உண்டு. 'அதாவது' என்று எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. பண்டிதர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நான் 'உம்' பக்கம்.